நூற்று எண்பது காலடி

1

இந்த நாட்டில் ஜன்னல் வைத்த உறைகளில்தான் அரசாங்கம் வரும். கண்ணாடித்தாளுக்குப் பின்னால் இருந்து என் பெயர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். வரி, காப்பீடு, தங்கும் அனுமதி, குப்பைத்தொட்டிக்கான கட்டணம் என்று எதுவாகவும் இருக்கலாம். பிரிக்கவே பயமாக இருக்கும். ஹாம்பர்க்குக்கு வந்து இருபது வருடம் நிறைந்த அன்று, சுபா பாயசம் கிண்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில், அப்படி ஓர் உறை வந்தது.

மகள் ஆதிரையிடம் நீட்டினேன். பதினாறு வயது. எனக்கு எப்போதும் இரண்டாவது தடவை வாசித்தால்தான் புரிகிற மொழி அவளுக்கு ஒரே மூச்சில் புரியும். ஊரில் என் அக்கா கேட்டால் திட்டுவாள், ஆதிரை என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவும் நண்பனும் ஒரே வரிசை.

"பயப்படாத. நீ எதுலயும் மாட்டலை. உன்னை எடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"பேசறதுக்கு."

நாங்கள் குடியிருக்கும் பகுதியில் எல்பே நதிக்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. அதை உயர்த்த வேண்டுமாம். எவ்வளவு உயரம், எங்கே வழி விடுவது, நடைபாதை என்னாவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் குடியிருப்பவர்கள் சிலரை உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்கள். பதிவேட்டில் உள்ள பெயர்களைக் குலுக்கி எடுத்ததில் என் பெயர் விழுந்திருக்கிறது. நான்கு சனிக்கிழமைகள். சாப்பாடு உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் கட்டத்தில் குறியிடவும்.

நான் 'வேண்டாம்' கட்டத்தில் குறியிட்டேன். ரோஷம்தான்.

தமிழ்ச் சங்க நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் பூரித்துப்போனார். "நாம ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கினவங்க. இவனுக இப்பத்தான் கண்டுபிடிக்கிறானுக!" ஆமாம் என்றேன். போனை வைத்த பிறகு ஊரில் பார்த்த ஒரு பெண்ணின் முகம் வந்து நின்றது. அந்தக் குடத்தில் அந்த முகத்துக்கான ஓலை இருந்திருக்காது. ஆனாலும் ஒருநாள் அவர் எழுந்து வந்து பேசினார். அந்தப் பேச்சு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியும்.

2

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் இயங்கிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை. கடற்கரையில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம். ஆங்கிலத்தில் எழுத அங்கே ஆள் இருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது, நாலு கவிதையும் அச்சில் வந்திருக்கிறது என்று தமிழுக்கு என்னை எடுத்தார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர்க்காரன் நான். கடலைப் பற்றிக் கவிதையில் எழுதத் தெரியும். மற்றபடி ஒன்றும் தெரியாது.

துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். பெயர் வேண்டாம். அந்தக் கரையில் ஒரு தனியார் சரக்குத் தளமும், கடலுக்குள் நீளும் கல்வரிசையும் வருவதாக இருந்தது. சட்டப்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மக்கள் பேசுவதை எழுத வேண்டும். எழுதியதைக் கூட்டம் முடியும்போது அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். எழுதுகிற அதிகாரிக்கு ஒத்தாசையாக எங்கள் நிறுவனத்தில் இருந்து என்னை அனுப்பினார்கள். அப்படி அனுப்பியதே தவறு என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

பந்தல். வாடகை நாற்காலிகள். வாசலில் ஒரு பதிவேடு, பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஊரில் ஊர்க்கூட்டம் என்றால் கோயில் மணி அடித்து, வீட்டுக்கு ஓர் ஆண் உட்கார்ந்து பேசுவது வழக்கம். பெண்கள் மதிலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். அன்றைய பந்தலுக்கு மதில் இல்லை. பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். முதல் தடவை என்பது அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, எல்லோரும் நாற்காலியின் நுனியில்.

மதியத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் கேட்டேன். "லூர்தம்மாள். எழுதிக்கிடுங்க." மைக் அவர் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. யாரும் இறக்கித் தரவில்லை. அதன் கழுத்தைப் பிடித்து அவரே வளைத்தார்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் கத்தினார். "ஏளா, ஊர்ப் பெரியவுக பேசட்டும். நீ போயி நெத்திலியப் பாரு!"

"நெத்திலியப் பத்தித்தான் பேச வந்திருக்கேன், ஒக்காரும்."

பந்தல் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டுப் பேசினார். நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். அதனால்தான் இன்றும் அப்படியே சொல்ல முடிகிறது.

"சார்மாரே, காலையிலருந்து எல்லாரும் கடலப் பத்திப் பேசுதிய. எவ்வளவு ஆழம், எம்மாம் பெரிய கப்பலு வரும்னு. ஆம்பளையளுக்குக் கடலு. எங்களுக்கு இந்த மணலுதான் கடலு. வலையில வந்த மீனு இதுல காஞ்சாத்தான் எங்க கையில நாலு காசு. இன்னைக்கு விடிய மாதா கெபியிலருந்து தண்ணி வரைக்கும் நடந்து எண்ணுனேன். நூத்தி எம்பது காலடி. இந்தக் கல்லப் போட்டா மணலு எந்தப் பக்கமா ஓடும்? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, கோவப்பட மாட்டோம். ஆறு கம்ப நடுங்க. வருசா வருசம் அளங்க. அளக்கும்போது நாங்களும் கூட நிக்கணும். கொறஞ்சா, கல்ல எடுக்கணும். அவ்வளவுதான்."

மேடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எழுதியாச்சா தம்பி?"

"எழுதிட்டேன் அக்கா."

"எத்தன காலடி?"

"நூற்று எண்பது."

"ஆங்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இப்போது நாற்காலி நிறைய.

சாயங்காலம் அதிகாரியின் தொண்டை கட்டிவிட்டது. நான் எழுதிய குறிப்பேட்டை என்னையே வாசிக்கச் சொன்னார். நாற்பது பக்கம் வாசித்தேன். எனக்கு நல்ல குரல். லூர்தம்மாள் தூணோரமாக நின்றுகொண்டு கடைசி வரை கேட்டார். போகும்போது பக்கத்தில் வந்து, "ஒரு சொல்லு விடல. நல்லாருப்பிய தம்பி," என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறேன்.

3

முதல் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தின் உணவறையில் வட்டமாக மேசைகளும் நாற்காலிகளும். ஒரு பல் மருத்துவர், ஒரு கல்லூரி மாணவி, வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு சமையல்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நான் கப்பல் சரக்கு அலுவலகத்தில் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்குகிறவன். இருபத்தெட்டுப் பேரையும் சேர்த்து வைத்தது குலுக்கல் மட்டும்தான்.

காலை முழுக்க நிபுணர்கள் விளக்கினார்கள். நதி எவ்வளவு ஏறும், சுவர் எவ்வளவு தாங்கும் என்று. புரியவில்லை என்று யாராவது கை தூக்கினால் நிறுத்தி மறுபடியும் முதலில் இருந்து சொன்னார்கள். பேருந்து ஓட்டுநர் மூன்று தடவை கை தூக்கினார். மூன்றாவது தடவை, "எனக்குப் புரிந்துவிட்டது. இவர் எவ்வளவு பொறுமைசாலி என்று பார்த்தேன்," என்றார்.

என் முறை வந்தது. வாக்கியத்தை இரவெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்திருந்தும், வாயைத் திறந்ததும் வினைச்சொல் ஒரு பக்கம், பெயர்ச்சொல் ஒரு பக்கம் சிதறியது. சுவருக்குப் பின்னால் இருந்து நதியைப் பார்க்க முடியாவிட்டால் நதியைப் பற்றிய பயம் போய்விடும், பயம் போனால் கவனமும் போய்விடும் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. சொன்னது பாதி.

நெறியாளர் ஓர் இளம்பெண். மஞ்சள் அட்டையில் எழுதினாள். எழுதிவிட்டுப் பலகையில் குத்தப் போனவள், பாதியில் நின்று திரும்பி வந்து, என் நாற்காலி அருகே மண்டியிட்டு அட்டையை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"நீங்கள் சொன்னது இதுதானா? உங்கள் எண்ணத்தை நான் மாற்றியிருந்தால் சொல்லுங்கள், வேறு அட்டை எடுக்கிறேன்."

எண்ணத்தை மாற்றவில்லை. இலக்கணத்தை மட்டும், அதுவும் என் அனுமதி கேட்டு, ஒட்டுப்போட்டிருந்தாள். சரி என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் காது மடல் இரண்டும் சுட்டன. ஏதோ திருடிவிட்டு வந்த வீட்டில் தண்ணீர் கொடுத்து உபசரிக்கிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

4

கூட்டம் முடிந்த மறுநாள் மாடி அறையில் என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருபது வருடம் போய்விட்டது.

நாற்பது பக்கத்தையும் செம்மைப்படுத்திக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மேலாளர் நல்ல மனிதர். சாப்பிட்டாயா என்று கேட்காமல் வேலை சொல்ல மாட்டார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன கவிஞரே, வேதாகமம் எழுதி வச்சிருக்கிய? மேல போற பேப்பர்ல இத எவன் படிப்பான்? ரெண்டு பக்கம் போதும். ஐயம், விளக்கம், நன்றி. சோலி முடிஞ்சுது."

அவர் மிரட்டவில்லை. வேலையைப் பறிப்பேன் என்று சொல்லவில்லை. நான்தான் உட்கார்ந்தேன். சுருக்கினேன். இங்கேதான் எனக்கு மிகவும் அருவருப்பான இடம் வருகிறது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நாற்பது பக்கத்தை இரண்டாக்குவது ஒரு கைத்திறன் என்று தோன்றியது. வேண்டாத சொற்களைத் தட்டி எடுக்க எடுக்க வாக்கியம் மினுமினுக்கிறதே, அதுதானே நான் கவிதையில் பழகியது. லூர்தம்மாளின் பேச்சு என் கையில் இப்படி மினுமினுத்தது: 'கடற்கரை மணல் குறித்த ஐயங்களுக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது. பொதுமக்கள் திட்டத்தை வரவேற்றனர்.'

விளக்கம் யாரும் அளிக்கவில்லை. வரவேற்றவர் யாரும் இல்லை. வாசலில் பெயரெழுதிய பதிவேட்டை அதற்குப் பின்னால் இணைத்தோம். உள்ளே வருவதற்காகப் போட்ட கையெழுத்துகள் சம்மதத்துக்கான கையெழுத்துகளாக ஆயின.

நாற்பது பக்கத்தைப் பந்தலில் வாசித்தேன். இரண்டு பக்கத்தை மேலே அனுப்பினேன். இரண்டும் என் கையெழுத்துதான்.

ஆறு மாதத்தில் மேலாளர் எனக்கு நல்ல அனுபவச் சான்றிதழ் கொடுத்தார். 'பொதுமக்கள் தொடர்பில் சிறந்த திறன்' என்று அதில் ஒரு வரி. அதை வைத்துத்தான் கப்பல் நிறுவன வேலை, அதை வைத்துத்தான் ஹாம்பர்க்.

குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். மனசாட்சியால் அல்ல. அதன் பின்பக்கங்களில் என் கவிதைகள் இருந்தன.

5

இரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தைய நாள், அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் தெரியாத இந்திய எண் ஒன்று கூப்பிட்டது.

"தம்பி, நான் லூர்து பேசுதேன். ஞாபகம் இருக்கா?"

ரொட்டியை மென்றுகொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன்.

"ஒங்கள எப்படிப் பிடிச்சேன்னு பாக்குதியளா? எங்க மவ பிரின்சி காலேஜில படிக்கா. ஒரு புஸ்தகத்துல ஒங்க கவிதையப் படிச்சிருக்கா. படிச்சிட்டு ஓடி வந்து, 'எம்மா, நீ பேசுத மாதிரியே இருக்கு'ன்னா. வாசிக்கச் சொன்னேன். ஆம்பளைகளுக்குக் கடல், எங்களுக்கு இந்த மணல்தான் கடல். நான் பேசுத மாதிரி இல்ல தம்பி, நான் பேசுனது."

போன வருடம் வந்த என் தொகுப்பின் முதல் கவிதை அது, எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. நாலைந்து பேர் அந்த வரியை மேற்கோள் காட்டி எழுதியிருந்தார்கள். ஓர் இலக்கியக் கூட்டத்தில், இந்த வரி எப்படி வந்தது என்று கேட்டார்கள். தானாக வந்தது என்று சொன்னேன். இதை வாசிக்கிறவர்களில் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருந்தால், தானாக வரவில்லை என்று இப்போது சொல்கிறேன். லூர்தம்மாள் மைக்கின் கழுத்தை வளைத்துச் சொன்னது. அறிக்கையில் இருந்து அழித்தேன், கவிதையில் என் பெயருக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"அக்கா, அது..."

"அத விடுங்க. கவிதையா எனக்கு முக்கியம்? அந்த ஒரு வரிய இத்தன வருசம் வச்சிருக்கவரு மத்ததையும் வச்சிருப்பாருன்னு தோணிச்சு. அதான் புஸ்தகம் போட்டவுககிட்ட நம்பரு வாங்கிக் கூப்ட்டேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். கல் போட்டு நாலைந்து வருடத்தில் மணல் போக ஆரம்பித்தது. மீன் காயப்போட இப்போது சாலையோரம் தார்ப்பாய் விரிக்கிறார்கள். லாரி போனால் மீனெல்லாம் புழுதி. கச்சான் காற்றுக் காலத்தில் அலை, மாதா சொரூபம் நிற்கும் கெபியின் படியை நக்குகிறது. இப்போது கல்வரிசையை இன்னும் நீட்டப் போகிறார்களாம். மறுபடியும் கூட்டம். புதிய அறிக்கையில், 'முந்தைய கூட்டத்தில் கரை குறித்து ஆட்சேபம் பதிவாகவில்லை, கரையின் அகலம் குறித்த பழைய அளவு எதுவும் இல்லை' என்று இருக்கிறது.

"அளவு இருந்துச்சு தம்பி. நான் நடந்து எண்ணிக் குடுத்தேன். நீங்க வாசிச்சும் காட்டுனிய. எங்க போச்சு?"

எங்க போச்சு என்பதில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. வாசித்துக் காட்டியவன்தான் விழுங்கியவன் என்று இன்னும் அவருக்குத் தோன்றவில்லை. ஆபீசில் யாரோ தொலைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"தேடிப் பாக்கேன் அக்கா," என்றேன். குறிப்பேடு என் வீட்டுப் படுக்கையில் இருந்து கை நீட்டினால் எட்டும் அலமாரியில் இருந்தது.

6

மறுநாள், இரண்டாவது சனிக்கிழமை. சுவரை உயர்த்தினால் எதிர்க்கரை அரிக்குமா என்ற பேச்சு வந்தது. நிபுணர்கள் இருவரும் ஒரே கருத்தில் இல்லை. வட்டம் குழம்பியது. அப்போது நான் கை தூக்கினேன். இம்முறை வினைச்சொல் இடம் மாறவில்லை.

"தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லலாம். கரையில் ஆறு கம்பங்கள் நடலாம். ஒவ்வொரு வருடமும் அளக்கலாம். அளக்கும்போது இங்கே குடியிருப்பவர்களும் கூட நிற்க வேண்டும். குறைந்தால், சுவரை மாற்ற வேண்டும்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். இங்கே கை தட்டுவதற்குப் பதில் அப்படித்தான் செய்வார்கள். பேருந்து ஓட்டுநர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தாய்?" நெறியாளர் பெரிய எழுத்தில் எழுதி, அட்டையின் மூலையில் என் பெயரைப் போட்டு, வழக்கம்போல் மண்டியிட்டுக் காட்டினாள். "இதுதானே?"

என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்றாவது தடவை. அறிக்கையில் அவரை அழித்தேன், கவிதையில் எடுத்துக்கொண்டேன், இப்போது எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அவருக்கு யாரும் நட்டுக் கொடுக்காத ஆறு கம்பங்களை என் பெயரில் நட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்க இங்கே யாரும் இல்லை. தலையாட்டினால் முடிந்தது.

"பெயர் தப்பு," என்றேன்.

எழுத்துப்பிழை என்று நினைத்தாள். "எப்படி எழுதுவது?"

"இது என் யோசனை இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கடற்கரையில் லூர்தம்மாள் என்று ஒருவர். அவர் சொன்னது. நான் எழுதிக்கொண்டவன் மட்டும்தான்."

வேறு அட்டை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவள் உச்சரித்தபோது பெயர் வேறு எதுவோபோல் இருந்தது. ஆனாலும் பலகையில் ஏறியது. இடைவேளையில் மாணவி கேட்டாள், அவர்கள் ஊரில் கம்பம் நட்டார்களா என்று. நான் காப்பி எடுக்கப் போவதுபோல் போய்விட்டேன்.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்தேன். தாளெல்லாம் தேநீர் நிறம். ஆதிரையை அழைத்துப் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மூன்றாவது மாதமே விட்டுவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. லூர்தம்மாளின் பக்கம் வந்தபோது என் கை தானாக ஓரத்தைத் தடவியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது கவிதையா?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

படங்களை அனுப்பினேன். படங்களை மட்டும். அரை மணி நேரத்தில் குரல் செய்தி வந்தது. "பாத்தோம் தம்பி. ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா பிரின்சி சொல்லுதா, இது யாரு எழுதுனது, எப்ப எழுதுனது, ஏன் மேல போகலைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் அந்தக் கூட்டத்துல நிக்குமாம். ஏன் போகலை தம்பி? ஒங்களுக்குத் தெரியுமா?"

சுபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவளிடமும் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும் அவள் சொன்னாள்.

"நம்ம குடியுரிமை மனு உள்ள இருக்கு. ஏதாவது விசாரணை உண்டான்னு ஒரு கேள்வி வருமே. ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட்ல நிறுத்துனா? அந்த மேலாளர் சாரு கூட இப்ப உடம்பு முடியாம கிடக்காரு."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." எழுந்து போனவள் வாசலில் நின்றாள். "அந்தக் கவிதையத்தான நீங்க என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லிக் காட்டுனிய?"

ஆமாம் என்றேன்.

ஒரு பக்கம்தான் எழுதினேன். சுருக்குவதற்கு அதில் எதுவும் இல்லை. 'வாசித்துக் காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று. இரண்டையும் எழுதியவன் நான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.' கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினேன். அங்கே இருந்த அலுவலர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சொத்து விவகாரமா சார்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

லூர்தம்மாளிடம் இருந்து பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் அவருக்கு என்ன தெரியவந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

7

எங்கள் நான்கு சனிக்கிழமைகளும் முடிந்தன. பரிந்துரைகள் பகுதி மன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஏற்பார்களா என்று தெரியாது. இங்கேயும் மன்றம் மன்றம்தான், அட்டைகள் அட்டைகள்தான். ஆனால் ஒரு கட்டாயம் உண்டு. எதை ஏற்கவில்லையோ அதை ஏன் ஏற்கவில்லை என்று எங்களுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். பதினொன்றாவது பரிந்துரைக்கு எதிரில் லூர்தம்மாளின் பெயர் இருக்கிறது.

ஊரில் கூட்டம் நடந்த அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். இங்கே மதியம் இரண்டு மணிக்குக் குரல் செய்தி வந்தது. பின்னால் பெண்கள் பேச்சும், நாற்காலி இழுபடும் சத்தமும்.

"தம்பி, லூர்து. ஒங்க பேப்பர வாசிச்சோம். பிரின்சிதான் வாசிச்சா. ஒரே சத்தம். ஒங்கள ஏசுனாவ, நல்லா ஏசுனாவ. நான் தடுக்கல. பேப்பர வாங்கி அதுலயே சேத்துக்கிட்டாவ. பொறவு கடைசில ஒரு பொண்ணு, அன்னைக்கு நீங்க இருந்த வயசுதான் இருக்கும், எழுதுனத வாசிச்சுக் காட்டிச்சு. ஒரு சொல்லு விடல. நல்ல கொரலு. ஒங்கள மாதிரியே வாசிச்சுது." நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். "அதுனால நாங்க எந்திரிக்கல. டைப் அடிச்சு, கையெழுத்தாகி, நகலு எங்க கைக்கு வார வரைக்கும் இங்கனதான் இருப்போம்னுட்டோம். பொம்பளைய எழுவது பேரு இருக்கோம். சாருமாரு ஏசி வண்டில ஒக்காந்திருக்காவ. அந்தப் புள்ளைக்கு டீ வாங்கிக் குடுத்தோம். பாவம், பயந்து போயிருக்கு."

பிறகு குரல் மாறியது, வேலை சொல்லும் குரலாக.

"காலையில நடந்து எண்ணுனேன். அதே காலுதான். கெபியிலருந்து முப்பத்தோரு காலடி. எழுதிக்கிடுங்க. அதே நோட்டுல."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டார். அது அந்தக் கரையில் யாரையும் கூப்பிடுகிற சொல்.

குறிப்பேட்டைத் திறந்தேன். நூற்று எண்பதுக்குக் கீழே இடம் இருந்தது. முப்பத்தொன்று என்று எழுதினேன். தோளுக்கு மேலாக ஆதிரை எட்டிப் பார்த்தாள். எண்களை அவளால் படிக்க முடியும் என்பதால் இரண்டையும் இலக்கத்திலும் எழுதினேன்: 180. 31. "மீட்டரா?" என்றாள். "காலடி," என்றேன். அவள் எழுந்து போய்க் கூடத்தின் சுவரில் இருந்து நடந்து பார்த்தாள். கூடம், சமையலறை, வாசல், படிக்கட்டு என்று கதவைத் திறந்துகொண்டே எண்ணிப்போய், "முப்பத்தொண்ணு!" என்று தெருவில் இருந்து கத்தினாள். அவ்வளவுதான் மிச்சக் கரை. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்து தெரு விளக்கு வரை.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்று போனை எடுத்துப் பதிவு செய்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். வயதான பிறகும் குரல் அப்படியே இருந்தது. தெளிவாக, நிதானமாக, யாரும் நம்பிவிடுகிற மாதிரி.

அதை அழித்துவிட்டேன். பக்கத்தைப் படம் எடுத்து, அதை மட்டும் அனுப்பினேன்.